முயல் படம் போட்ட கணக்கு

"வேலாங்கரைக்கு முழுக் கணக்கு வேணும் சார்."

அனுசியா இதைச் சொன்னபோது கரிசல் மக்கள் அறிவுத்திரை மன்றத்தின் கூட்ட அறையில் பதினேழு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினேழு பேர் முன்னாலும் தட்டில் ரெண்டு ரெண்டு முறுக்கு. பொருளாளர் மணிகண்டன் கடித்த முறுக்கைப் பல்லுக்கு நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். அதை உடைத்தால் சத்தம் கேட்கும், கேட்டால் இந்தப் பேச்சைத் தானும் கேட்டுக்கொண்டிருந்ததாக ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு.

இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் செயலாளர் சின்னத்துரை. ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் கோப்பு எதையும் நகரவிடாமல் காத்து ஓய்வு பெற்றவர்.

"இந்தா பாரு தாயி. இங்க நீ எத வேணாலும் கேக்கலாம். லீவு கேளு. அட்வான்ஸ் கேளு. ஃபேன் காத்து வரலைன்னா நாற்காலிய மாத்திப் போடச் சொல்லு. ஒங்க ஊருக்குன்னு மட்டும் ஒண்ணும் கேட்றாத. கேட்டேன்னு வையி, ஒன்னயப் பொதுவான பிள்ளைன்னு நெனச்சு வேலைக்கு எடுத்தோம் பாரு, அந்தப் பேரு போயிரும்."

பதினொரு மாதம் அவள் கேட்கவில்லை. இன்று கேட்டாள்.

அருப்புக்கோட்டை பஜாரில் மூன்று கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது மன்றம். அதன் திட்டம் 'ஊருக்கொரு அறிவுத்திரை'. திருச்சுழி, காரியாபட்டி, மல்லாங்கிணறு பக்கமாக நாற்பது ஊர்ச் சமுதாயக் கூடங்களில் ஐம்பத்தைந்து அங்குல ஸ்மார்ட் டி.வி.யும் இன்டர்நெட்டும் வைத்துக் கொடுப்பது. டி.வி.க்கள் மணிகண்டன் கடையில் வாங்கியவை. மணிகண்டன் பொருளாளர் என்பதால் அல்ல, பொருளாளர் மணிகண்டன் என்பதால் என்று மன்றம் விளக்கம் சொல்லும்.

அந்த டி.வி.யில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று கணக்குகளையும் கட்டுப்பாடுகளையும் வடிவமைக்கத்தான் அனுசியாவை எடுத்தார்கள். எம்.சி.ஏ. படித்தவள். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பன்னிரண்டாவது தாண்டியவர் கிடையாது. அப்பா கோட்டைச்சாமி வேலிமரத்தை வெட்டி அடுக்கிச் சுட்டுக் கரிமூட்டம் போடுகிறவர். அப்பாவுக்கு அவள் வேலையை ஒருமுறை விளக்கிச் சொன்னாள். டி.வி.யைப் போட்டதும் 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டு வட்டம் வட்டமாகப் படம் வரும். உன் வட்டத்தைத் தேர்ந்தெடுத்து நாலு நம்பரை அடித்தால் உன் கணக்கு திறக்கும். அவ்வளவுதான்.

"அதுக்கா சம்பளம் தாராக?" என்றார் கோட்டைச்சாமி. நியாயமான கேள்வி.

அவள் முதலில் எழுதிக்கொடுத்த வடிவம் ஒரே பக்கம். ஊருக்கு மூன்று கணக்கு: படிப்புக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, பொதுவுக்கு ஒன்று. நம்பரை ஊரில் மூன்று பேர் வைத்துக்கொள்வது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அணைக்கவும் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சின்னத்துரை அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது அவரைப் புண்படுத்தியது.

"இதுல மன்றம் எங்க இருக்கு?"

"மன்றம் டி.வி. குடுக்குது சார்."

"குடுத்தோம்னு யாருக்குத் தெரியும்?"

மன்றத்தின் பதினேழு பேருக்கும் நாற்பது ஊரிலும் கணக்கு வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. பதினேழு வட்டம். எந்த வட்டம் முதலில் வருவது என்பதற்கு மூன்று கூட்டம் நடந்தது. கோயில் கொடைவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊரே ரெண்டுபட்டு நிற்குமே, அதே சுருதி. ரெண்டாவது கூட்டத்தில் துணைத்தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் யாரும் பிடித்து இழுக்காததால் தானே திரும்பி வந்தார். கடைசியில் தலைவர் சங்கரபாண்டியன் தன் பெருந்தன்மையைக் காட்டினார்.

"எனக்கு மொத வட்டம் வேண்டாம்யா. பதவி ஆசை எனக்கு என்னைக்கு இருந்திருக்கு? மொத வட்டத்த எங்கப்பாவுக்குக் குடுத்துருங்க. ரெண்டாவதா ஒரு ஓரமா நான் நின்னுக்கிறேன்."

அவர் அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆயிற்று. கணக்கு திறக்கப்பட்டது. படத்தைச் சுற்றி மாலையை அனுசியாவே வரைந்தாள். அடுத்து, யார் எவ்வளவு சத்தம் வைக்கலாம் என்று அளவு வகுத்தார்கள். தலைவருக்கு நூறு. செயலாளருக்கு அறுபது. காலமான பெரியவருக்கு நாற்பது. டி.வி. இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் பன்னிரண்டு.

"செத்துப்போனவுக எப்பிடி சார் சத்தத்தக் கூட்டுவாக?"

"கூட்டுறாகளோ இல்லையோ, கூட்டுற உரிமை இருக்கணும்ல?" என்றார் சின்னத்துரை. உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் அவர் இந்த அளவு கரிசனம் காட்டி அவள் பார்த்ததில்லை.

டி.வி.யைப் போட்டதும் தலைவரின் வரவேற்புரை வரும். பதினான்கு நிமிடம். ஓட்டிவிட முடியாது. அது ஓடும்போது அணைக்கவும் முடியாது, அணைப்பது அவமரியாதை. நடுவில் கரண்ட்டு போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். வீரசோழன் பக்கத்து ஊர் ஒன்றில் இருபது நாளாகத் தலைவர் "பெரியோர்களே, தாய்மார்களே" என்பதைத் தாண்டவில்லை என்று தகவல் வந்தது. அந்த ஊர்ச் சனங்கள் அதையே ஒரு நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் அனுசியா பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். கிறுக்குத்தனம்தானே, யாருக்கு என்ன கெடுதல் என்று இருந்தாள். அடுத்த கூட்டத்தில் அப்படி இருக்க முடியவில்லை.

ஊர்களுக்கு என்ன கணக்குக் கொடுப்பது என்பது பொருள். டி.வி.யிலேயே ரெண்டு வகை உண்டு. முழுக் கணக்கு ஒன்று. குழந்தைக் கணக்கு ஒன்று. குழந்தைக் கணக்கில் பொம்மைப் படமும் விடுகதையும் வரும். மற்றதெல்லாம் பூட்டு. பெற்றோர் நம்பர் போட்டால்தான் திறக்கும்.

நாற்பது ஊருக்கும் ஒரு படிவம் அடித்தார் சின்னத்துரை. அதில் ஒரே ஒரு கேள்வி. 'மன்ற உறுப்பினர் எவரேனும் இவ்வூரில் உணவு அருந்தியதுண்டா?'

ஆம் என்றால் முழுக் கணக்கு. இல்லை என்றால் குழந்தைக் கணக்கு.

பதினேழு ஊருக்கு ஆம் வந்தது. கடைகண்ணியும் மாடிவீடும் சொந்தபந்தமும் உள்ள ஊர்கள். இருபத்துமூன்று ஊருக்கு இல்லை. அந்த இருபத்துமூன்றும் எந்த ஊர்கள் என்று பட்டியலைப் படிக்காமலே அனுசியாவுக்குத் தெரிந்தது. இருபத்துமூன்றிலும் அவளுக்கு மாமன் மச்சான் முறை உண்டு.

"சார், அங்கெல்லாம் அறுபது வயசு, எழுபது வயசு ஆளுக இருக்காக."

சின்னத்துரை எழுந்து நின்றார். அவர் எழுந்தால் உரை.

"தாயி, ஒன் மனசு எனக்குப் புரியுது. ஆனா ஒண்ண யோசி. அந்தச் சனங்கள நாம என்னன்னு சொல்லுவோம்? வெள்ளந்தியான சனம்னு சொல்லுவோம். வெள்ளந்தி யாரு? கொழந்த. கொழந்த கையில கத்தியக் குடுப்பமா? அவுக நல்லதுக்குத்தான் சொல்றோம். இதுல நீ நெனைக்கிற மாதிரி சாதியெல்லாம் ஒண்ணும் இல்ல. படிவத்த எடுத்துப் பாரு, சாதின்னு ஒரு வார்த்த இருக்கா? சாப்பிட்டீகளான்னுதான கேட்டிருக்கு? ஒரு மனுசன மனுசன் சாப்பிட்டீகளான்னு கேக்கிறதவிட ஒசந்த பண்பாடு ஒலகத்துல எங்கயாவது உண்டா?"

கைதட்டினார்கள்.

குழந்தைக் கணக்குக்குப் பெற்றோர் ஒருவர் பெயர் கட்டாயம். இருபத்துமூன்று ஊருக்கும் 'பெற்றோர்: சங்கரபாண்டியன்' என்று அனுசியா தட்டச்சு செய்தாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு அவர் ஒரே மதியத்தில் தகப்பன் ஆனார். வட்டத்துக்குப் படம் வேண்டும் என்றது டி.வி. வரிசையில் யானை இருந்தது, கரடி இருந்தது, முயல் இருந்தது. அவள் முயலைத் தேர்ந்தெடுத்தாள். அன்று பஸ்ஸில் போகும்போது தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு போனாள். அப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சோலையும் முயலுக்குள் போய்விட்டார்கள். உள்ளே தள்ளிப் பூட்டியது அந்த விரல்தான்.

நாற்பதாவது டி.வி. வேலாங்கரைக்கு. அவள் ஊர். திருச்சுழியிலிருந்து ஏழு கிலோமீட்டர். நாற்பதும் முடிந்ததைக் கொண்டாட நம்பர் வழங்கும் விழாவும் அங்கேயே என்று ஆயிற்று.

"நம்பர கவர்ல ஒட்டி அவுகவுக கையில குடுக்கணும் சார். மத்தவுகளுக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

சங்கரபாண்டியன் சிரித்தார். "ஏம்மா, கல்யாணத்துல நூத்தியொரு ரூவா மொய் எழுதுனாலும் மைக்குல சொல்றோம். தலைவருக்குச் செய்யிற மரியாதைய இருட்டுக்குள்ள வச்சுக் குடுத்தா, அவருக்கு நம்பரே கெடையாது, சும்மா வெறுங்கவருதான்னு நாளைக்கே பஜாருல பேசுவானுக."

"மைக்குல சொன்னா அப்புறம் அது பூட்டு இல்லையே சார்."

"பூட்டுத்தான். எங்க பூட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பூட்டு."

அப்படியே நடந்தது. வெற்றிலை, பழம், பொன்னாடை, தட்டில் கவர். ஒலிபெருக்கி மூன்று திசைக்கும் கட்டியிருந்தது. "அடுத்து, எங்கள் அண்ணாச்சி, கரிசல் தந்த கலங்கரை விளக்கம், தலைவர் அவர்களுக்கு… ஏழு! எட்டு! எட்டு! ஒன்று!" ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வெடி. அது அவர் காரின் நம்பர். வேலிக்காட்டுக்குள் கரிமூட்டத்துக்கு மண் அப்பிக்கொண்டிருந்த கோட்டைச்சாமி காதிலும் அது விழுந்தது.

அனுசியாவின் தங்கை செல்லக்கிளி பதினேழு டம்ளரில் எலுமிச்சம்பழச் சாறு கொண்டுவந்தாள். சங்கரபாண்டியன் நெஞ்சில் கை வைத்து, "சுகரும்மா" என்றார். அடுத்தவரும் சுகர் என்றார். வரிசையாகப் பதினேழு பேருக்கும் சுகர்.

"அதுக்கென்ன, சீனி இல்லாம உப்புப் போட்டுக் கொண்டாரேன்" என்றாள் செல்லக்கிளி.

பதினேழு பேருக்கும் பிரஷரும் இருந்தது.

செல்லக்கிளி டம்ளர்களைத் திரும்பக் கொண்டுபோகும்போது அக்காவின் காதருகே குனிந்தாள். "பாவம், இம்புட்டு நோயாளிகள வெயில்ல ஏன்க்கா கூட்டியாந்த?"

மறுநாளிலிருந்து முயல் ஆட்சி. பி.காம். முடித்த செல்லக்கிளி, நூற்பாலையில் பகல் ஷிப்டு பார்க்கும் மாரிக்கனி, கைப்பிள்ளைக்காரி அமுதவள்ளி, இன்னும் ஐந்து பேர். எட்டுப் பேரும் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். வீட்டுக்கு வீடு ஒற்றை அறை. கோச்சிங்குக்கு அருப்புக்கோட்டை போனால் திரும்ப பஸ்ஸு இல்லை. எட்டுப் பேருக்கும் சேர்த்து உருப்படியான போன் ரெண்டு. ஊரில் இன்டர்நெட்டும் பெரிய திரையும் ஃபேனும் இருக்கிற ஒரே இடம் சமுதாயக் கூடம். செல்லக்கிளி முயலைத் தேர்ந்தெடுத்து, 'இந்திய அரசியலமைப்பு' என்று கேட்டாள்.

'குட்டி நண்பா, இதை உன் பெற்றோரிடம் கேள்!' என்றது டி.வி.

சோலைக்கு அறுபத்தெட்டு வயது. மழை வருமா என்று பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டி.வி. அவரைப் பார்த்து, 'குட்டி நண்பா, இன்று பல் தேய்த்தாயா?' என்றது.

"மொத்தம் நாலு பல்லுதாம்ப்பா. தேய்ச்சாச்சு. மழை உண்டா, இல்லையா? அதச் சொல்லு."

டி.வி. ஒரு வாத்துக்கு வண்ணம் தீட்டிக் காட்டியது. எட்டு மணிக்கு, 'குட்டி நண்பா, தூங்கும் நேரம்!' என்று சொல்லித் தானே அணைந்துகொண்டது. சோலை இருட்டிலேயே பின்னால் திரும்பினார்.

"ஏத்தா செல்லக்கிளி, மம்பட்டி பிடிச்ச காலத்துலதான் எப்ப எந்திரிக்கணும்னு இன்னொருத்தன் சொன்னான். இப்ப எப்பத் தூங்கணும்னும் சொல்றானா?"

செல்லக்கிளி எழுந்துபோய் ரிமோட்டை எடுத்தாள். முயலை விட்டு நகர்ந்து, மேல் வரிசைக்குப் போய், மாலை போட்டவருக்குப் பக்கத்தில் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டிருந்த ரெண்டாவது வட்டத்தில் நின்றாள். ஏழு, எட்டு, எட்டு, ஒன்று. ஊரில் அஞ்சு வயதுப் பிள்ளைக்குக்கூட மனப்பாடமான நம்பர். கூடத்தில் இருந்த ஒருவருக்கும் அது திருட்டு என்று தோன்றவில்லை. வெடி போட்டு மைக்கில் சொன்னது, ஊர் கேட்பதற்குத்தானே.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஞ்சு முதல் ஒன்பது வரை. வரலாறு, திறனறிவு, தமிழ். அமுதவள்ளி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வட்டி விகிதம் போட்டாள்.

டி.வி. மாதத்துக்கு ஒருமுறை யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று அறிக்கை அனுப்பும். அதை அனுசியா எடுத்து அடித்துக் கொடுக்க வேண்டும். தலைவர் பெயருக்கு நேரே இருந்தது: இடம், வேலாங்கரை. நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். பொருள், பொது அறிவு. அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. ஒரு எழுத்தையும் மாற்றாமல் கொடுத்தாள்.

மன்றத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மற்ற பதினாறு பேர் பெயருக்கு நேரே சைபர் இருந்ததால் பொறாமைதான் வந்தது. தலைவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். 'அறிவுத் தேனீ' என்று பட்டம். சங்கரபாண்டியன் நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை நிதானமாகப் பார்த்தார். மறுக்க அவருக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை.

"என் ஒடம்பு இங்க பருப்பு மில்லுல இருக்கலாம். என் உசுரு சாயங்காலமானா வேலாங்கரைக்குப் போயிருது. அந்த ஏழை பாழைகளோட ஒண்ணா மண்ணா ஒக்காந்து படிக்கிற சொகம் இருக்கே…" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கும்போது அவரே நம்பிவிட்டார்.

முன்வரிசையில் அவர் மனைவி ராமலட்சுமி உட்கார்ந்திருந்தார். கைதட்டல் அடங்கியதும், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்:

"சாயங்காலம் அஞ்சுலருந்து ஒம்பது வரைக்கும் மில்லுல லோடு எறங்குதுன்னுல்ல என்கிட்டச் சொன்னீக? வேலாங்கரையில யாரு ஒங்களுக்குப் பாடம் நடத்துறது?"

அறிவுத் தேனீ மைக்கை விட்டு நகர்ந்தது. லோடு இறங்கியது எங்கே என்பது வேறு கதை. வேலாங்கரையில் இல்லை என்பதை மட்டும் அன்று வீட்டுக்குப் போவதற்குள் அவர் நிரூபித்தாக வேண்டியிருந்தது. அப்படித்தான் விசாரணை வந்தது. ஆள் விட்டுப் பார்த்ததில் கூடத்தில் எட்டுப் பெண்கள் படிப்பது தெரிந்தது, பேர்தான் தெரியவில்லை.

விசாரணைக் கூட்டம் இன்று. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம். சின்னத்துரை குற்றப்பத்திரிகை படித்தார்.

"வேலாங்கரையைச் சேர்ந்த பெண்கள் எட்டுப் பேர், மாண்புமிகு தலைவர் அவர்களின் திருமுகத்தை நோக்கி ரிமோட்டை நீட்டியும், அன்னாரின் திருமுகத்தின் மீதே ஓ.கே. பொத்தானை மாதத்தில் இருபத்தெட்டு முறை அழுத்தியும், அன்னாரின் வழியாக உள்ளே நுழைந்து, அன்னாருக்கே தெரியாத பாடங்களைக் கற்றும்…"

"மூஞ்சியில கை வச்சிருக்காளுக அண்ணாச்சி!" என்று மணிகண்டன் மொழிபெயர்த்தார்.

தண்டனையும் எழுதித் தயாராக இருந்தது. வேலாங்கரை டி.வி.க்குக் குழந்தைக் கணக்கு மட்டும் போதும், மற்ற வட்டமெல்லாம் எடுத்துவிட வேண்டும். சத்தம் பன்னிரண்டிலிருந்து எட்டு. எட்டுப் பேரும் மன்ற வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். பெயர்களை அனுசியா எழுதித் தர வேண்டும்.

அப்போதுதான் அவள் கேட்டாள், வேலாங்கரைக்கு முழுக் கணக்கு வேண்டுமென்று.

மணிகண்டன் வாயில் முறுக்கு கடைசியில் உடைந்தது. அந்தச் சத்தத்தோடு எல்லோருக்கும் குரல் வந்தது.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் சின்னத்துரை. "மொத நாளே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீக சார். நானும் பதினோரு மாசம் கேக்கல. இப்பக் கேக்கேன். வாய்தொறந்து சொல்லுங்க, தருவீகளா, மாட்டீகளா?"

"முழுக் கணக்குக் குடுத்தா அதுல என்னத்தயெல்லாம் பாப்பாளுக, யாருக்குத் தெரியும்?" என்றார் துணைத்தலைவர்.

"தெரியுமே சார். நூத்திப் பன்னெண்டு மணி நேரத்துக்கும் அறிக்கை ஒங்க கையிலயே இருக்கு. வரலாறு, கணக்கு, தமிழ். நீங்க பட்டம் குடுத்ததே அதுக்குத்தான்."

"படிக்கிறது தப்புன்னு நாங்க சொல்லலையே," என்றார் சங்கரபாண்டியன், புண்பட்ட குரலில். "எங்ககிட்டக் கேட்டுட்டுப் படிக்கட்டும்னுதான சொல்றோம். ஒரு தகப்பன்கிட்ட…"

"எங்கப்பா கரிமூட்டத்துல நிக்காக சார். கோட்டைச்சாமி. அவுக ஒருத்தருதான்."

சின்னத்துரை கையை உயர்த்தினார். "தீர்மானம். வேலாங்கரைக்கு முழுக் கணக்குக் கொடுப்பதற்கில்லை. ஆதரிப்போர்?"

பதினேழு கை. எந்தக் கூட்டத்திலும் எதிலும் இப்படிப் பதினேழும் ஒன்றாக உயர்ந்ததை அவள் பார்த்ததில்லை. பொறுமையாக எண்ணிக்கொண்டாள்.

அதன்பின் அவர்களுக்கு இளக்கம் வந்தது. வென்றவர்களுக்கு வருமே, அந்த இளக்கம். சங்கரபாண்டியன் முன்னால் சாய்ந்து, மகளிடம் பேசுகிற குரலை எடுத்துக்கொண்டார்.

"நீ கெட்டிக்காரப் பிள்ளை. ஒனக்குன்னு மன்றம் ஒண்ணும் செய்யாம இருக்குமா? ஒனக்கு மட்டும் ஒரு முழுக் கணக்குத் தாரோம். ஒன் படம் போட்டு, தனி வட்டம். பத்தொம்பதாவது. முயலுக்கு முன்னாடி! ஒங்க ஊரு சரித்திரத்துலயே யாருக்கும் கெடைக்காதது. அந்த எட்டுப் பேரு பேர மட்டும் எழுதிக் குடுத்துரு."

"சத்தம் எம்புட்டு சார்?"

"பதினஞ்சு தரலாம்" என்றார் மணிகண்டன் தாராளமாக.

காலமானவரைவிட இருபத்தைந்து குறைவு. அவள் சிரிக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல" என்று சின்னத்துரை சுவரில் இருந்த மாதிரி டி.வி.யைக் காட்டினார். "அதுக்கு முன்னாடி, தலைமைக் கணக்க மணிகண்டன் நம்பருக்கு மாத்தணும். இனிமே அது ஒன்கிட்ட இருக்கிறது சரிப்படாது."

தலைமைக் கணக்கு என்பது நாற்பது டி.வி.க்கும் மேலே உட்கார்ந்திருப்பது. யாருக்கு எந்தக் கணக்கு என்று எழுதவும் அழிக்கவும் அதில் மட்டும்தான் முடியும். ஆரம்பத்தில் அதை யாருடைய போன் நம்பரில் பதிவது என்று பதினேழு பேரும் முட்டிக்கொண்டு, யாருடையதும் வேண்டாம் என்ற நல்ல முடிவுக்கு வந்திருந்தார்கள். யாருமில்லாதவள் ஒருத்தி நம்பரில் தற்காலிகமாக இருக்கட்டும் என்று அனுசியா நம்பரைப் போட்டிருந்தார்கள். தற்காலிகம் பதினொரு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

மணிகண்டன் ரிமோட்டை அமுக்கித் தன் நம்பரைப் பதிந்தார். அனுசியாவின் கைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஆறு எண்கள். அதைச் சொன்னால்தான் கணக்கு கைமாறும். சுவரில் அறுபது நொடி குறையத் தொடங்கியது. பதினேழு முகமும் அவளையே பார்த்தன.

"சொல்லு தாயி."

ஐம்பது.

"மைக்கு வேணுமா சார்?" என்றாள்.

"வெளையாடாத. நம்பரச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

நாற்பது. முப்பது. மணிகண்டன் ரிமோட்டை அவளை நோக்கி நீட்டிக்கொண்டே நின்றார், அமுக்கினால் அவளுக்குள்ளிருந்து நம்பர் விழும் என்பதுபோல.

"இருபத்திமூணு ஊரு மொயலையும் காலையில பஸ்ஸுல வரும்போதே எடுத்துட்டேன் சார். எல்லாத்துக்கும் முழுக் கணக்கு. ஊருக்கு மூணு பேரு கையில நம்பரு, அவுக போனுக்கே போயிருச்சு. பெத்தவுகங்கிற எடத்துல இப்ப யாரு பேரும் கெடையாது."

"எடுத்துட்டியா? அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வந்து கேட்ட?"

"கேக்காம எடுத்துட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லிறக்கூடாதுல்ல. கேட்டேன். பதினேழு பேரும் கையத் தூக்கி மாட்டோம்னுட்டீக. அதப் பாக்கத்தான் வந்தேன்."

நேரம் முடிந்தது என்று டி.வி. சொன்னது. சங்கரபாண்டியன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "டி.வி. கம்பெனிக்கு எழுதுவோம். ஒன்ன உள்ள தூக்கி வைப்போம்!" என்று கத்தினார்.

"எழுதுங்க சார். பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புனா மாத்திக் குடுப்பான். மொதக் கையெழுத்து யாருதுன்னு நீங்க முடிவு பண்றதுக்குள்ள எங்க பிள்ளைக பரீட்சை எழுதி முடிச்சிரும்."

மேசைமேல் இருந்த தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தாள். உடைத்து வாயில் போட்டுச் சத்தமாகக் கடித்தாள். மன்றத்தில் அவள் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டது அதுதான் முதல்முறை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து படியிறங்கினாள்.

பாதிப் படியில் மேலே குரல்கள் கேட்டன. அவளைத் திரும்பக் கூப்பிட யார் போவது என்று. தலைவர் போனால் மரியாதையில்லை. செயலாளர், அது தன் வேலையில்லை என்றார். துணைத்தலைவர், தன்னைவிடக் கீழே உள்ளவர் போகட்டும் என்றார். கீழே உள்ளவர் யார் என்று ஆரம்பித்தது.

பஜார் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. திருச்சுழி பஸ்ஸுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவர்களுக்கு அது போதாது என்று அவளுக்குத் தெரியும்.